தாழ்ந்தவரும் தாழ்த்தப்பட்டவரும்

வீட்டில் தண்ணீர்ப் பானை ஒன்று உடைந்து கிடக்கிறது. ஓசை கேட்டு அடுக்களையிலிருந்து ஓடிவந்த அன்னை, "என்ன அது?" என்று கேட்கிறாள். பானைக்கு அருகில் நிற்கும் சிறுவன், "பானை உடைந்துவிட்டது, அம்மா" என்கிறான். அவன் பொய் சொல்லவில்லை. பானை உடைந்தது உண்மைதான். ஆனால், "பானையை உடைத்துவிட்டேன்" என்று சொல்லாமல் "உடைந்துவிட்டது" என்று சொன்னானே, அந்த ஓர் எழுத்து வேறுபாட்டினுள் அவன் தன்னை முற்றிலும் மறைத்துக்கொண்டான். இலக்கணப் புத்தகத்தைத் திறந்தும் பாராத ஐந்து வயதுப் பிள்ளைக்குத் தன்வினைக்கும் பிறவினைக்கும் உள்ள வேறுபாடு எவ்வளவு நன்றாகத் தெரிந்திருக்கிறது!

திருந்தினான், திருத்தினான், வருந்தினான், வருத்தினான், அடங்கினான், அடக்கினான் என்று பள்ளியில் நாம் இவ்வேறுபாட்டைப் பாடமாகப் படிக்கிறோம். தன்வினையில் செயல் தானே நிகழ்வதுபோல் நிற்கும். செய்தவனைத் தேட வேண்டிய தேவை எழாது. பிறவினையில் செய்தவன் ஒருவன் இருந்தே தீரவேண்டும். தேர்வுக்காகப் படித்துப் பின் மறந்துவிடும் இந்தச் சிறு விதி, தமிழ்நாட்டு வரலாற்றில் எவ்வளவு பெரிய வேலையைச் செய்திருக்கிறது என்பதை இன்று சற்று விரிவாகக் காண விரும்புகிறேன்.

அதற்கு முன், நாள்தோறும் நம் நாவில் வழங்கும் ஒன்றிரண்டு தொடர்களைப் பார்ப்போம். "எனக்குக் கணக்கு வராது" என்று எத்தனை மாணவர் சொல்லக் கேட்டிருக்கிறோம்! கணக்கு ஏதோ ஒரு விருந்தாளி போலவும், எல்லார் வீட்டுக்கும் சென்றுவிட்டு நம் வீட்டு வாயிலை மட்டும் மிதிக்க மறுப்பது போலவும் பேசுகிறோம். "கணக்கு எனக்கு வரவில்லை" என்று சொன்னால் அது வேறு. "வரவில்லை" என்பது இதுவரை நிகழாததைக் குறிக்கும். நாளைக்கு இடம் விட்டுவைக்கும். "வராது" என்பதோ அப்படியன்று. இத்தகைய எதிர்மறைச் சொல் முக்காலத்துக்கும் பொது என்பது நம் இலக்கண மரபு. நேற்றும் இல்லை, இன்றும் இல்லை, என்றும் இல்லை என்று மூன்று கதவுகளையும் ஒருங்கே சாத்திவிடுகிறது அச்சொல். பன்னிரண்டு வயதில் ஒரு பிள்ளை தன்னைப் பற்றி இப்படி ஒரு தீர்ப்பை எழுதிக்கொண்டு, பின்னர் அதைத் தானே நம்பிக் கணக்குப் புத்தகத்தைத் திறவாமல் இருப்பதை ஆசிரியர்கள் அறிவார்கள். சில வேளைகளில் அந்தத் தீர்ப்பை முதலில் சொன்னவரே ஆசிரியராகவோ பெற்றோராகவோ இருப்பதும் உண்டு. "அவனுக்குப் படிப்பு ஏறாது" என்ற சொல்லை வீட்டுத் திண்ணையில் கேட்டு வளர்ந்த பிள்ளை, அதை எங்கே கற்றது என்பதையே மறந்து, தன் இயல்பு அதுவென எண்ணிக்கொள்கிறது.

செய்தவனைச் சுட்டும் சொல்லும் சுட்டாத சொல்லும் கேட்பவர் மனத்தில் வெவ்வேறு தீர்ப்பை உண்டாக்குகின்றன என்பது வெறும் ஊகமன்று. அமெரிக்க நாட்டு உளவியல் ஆராய்ச்சியாளர்களான கெய்ட்லின் ஃபாசி, லெரா பொரோடிட்ஸ்கி ஆகிய இருவரும் 2010ஆம் ஆண்டில் ஓர் ஆராய்ச்சியை வெளியிட்டார்கள். உணவுச்சாலை ஒன்றில் மெழுகுவர்த்தி சாய்ந்து தீப்பிடித்த நிகழ்ச்சியைச் சிலரிடம் படிக்கக் கொடுத்தார்கள். சிலருக்குக் கிடைத்த தாளில் அங்கு உணவருந்திய பெண்மணி மெழுகுவர்த்தியைச் சாய்த்தார் என்ற முறையில் எழுதியிருந்தது. மற்றவர்க்குக் கிடைத்த தாளில் மெழுகுவர்த்தி சாய்ந்தது என்ற முறையில் எழுதியிருந்தது. மற்றச் செய்திகள் எல்லாம் ஒன்றே. அப்பெண்மணி எவ்வளவு பொறுப்பு ஏற்க வேண்டும், எவ்வளவு பணம் ஈடு கட்ட வேண்டும் என்று கேட்டபோது, "சாய்த்தார்" என்று படித்தவர்கள் மிகுந்த பொறுப்பையும் மிகுந்த தொகையையும் சுமத்தினார்கள். நிகழ்ச்சி மாறவில்லை, வினைச்சொல் மட்டுமே மாறியது.

ஒரு மெழுகுவர்த்திக்கே இப்படியென்றால், ஒரு பெருங்கூட்டமான மக்களைப் பற்றிப் பல நூறு ஆண்டுகளாக ஒரே வினைச்சொல்லை வழங்கி வந்தால் என்ன நேரும்? "தாழ்ந்த சாதி" என்ற தொடரை எடுத்துக்கொள்ளுங்கள். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அது பழிச்சொல்லாகக்கூடக் கருதப்படவில்லை. படித்தவரும் படியாதவரும், அன்புடையவரும் அன்பற்றவரும், சீர்திருத்தக்காரரும் வைதிகரும் ஒன்றுபோல் வழங்கிய பொதுச்சொல் அது. பள்ளத்து நீர் தாழ்ந்திருப்பதுபோல், மாலைக் கதிரவன் தாழ்வதுபோல், சில மக்கள் தாமாகவே தாழ்ந்து கிடக்கிறார்கள் என்பது அச்சொல்லின் பொருள். பானை உடைந்துவிட்டது. யார் உடைத்தார் என்று கேட்க அங்கே இடமில்லை.

இந்தச் சொற்களை எதிர்த்து முதலில் வாதாடியவர்களுள் தலையாயவர் அயோத்திதாசப் பண்டிதர். 1845ஆம் ஆண்டில் பிறந்த அவருக்குப் பெற்றோர் இட்ட பெயர் காத்தவராயன். தமக்குத் தமிழ் கற்பித்த ஆசிரியரின் பெயரைத் தம் பெயராக ஏற்று அயோத்திதாசர் ஆனார். சித்த மருத்துவமும் பழந்தமிழ் நூற்பயிற்சியும் உடையவர். 1891ஆம் ஆண்டில் அவர் முன்னின்று அமைத்த திராவிட மகாஜன சபையின் மாநாடு நீலகிரியில் கூடிய போது, பத்துக் கோரிக்கைகளை முன்வைத்தது. கல்வி வேண்டும், வேலை வேண்டும், பொதுக் கிணற்றில் நீர் வேண்டும் என்பன போன்ற கோரிக்கைகளோடு, "பறையர்" என்ற சொல்லைச் சொல்லி மக்களை இழிவுபடுத்துவோரைத் தண்டிக்கச் சட்டம் வேண்டும் என்பதும் அங்கே இடம்பெற்றது. நீருக்கும் சோற்றுக்கும் அலைந்த மக்களின் மாநாடு ஒரு சொல்லுக்காகவும் சட்டம் கேட்டது என்பதை எண்ணிப் பாருங்கள். வசதியாக வாழ்பவருக்குச் சொல் சிறிய பொருளாகத் தோன்றலாம். நாளுக்குப் பத்து முறை அச்சொல்லால் அடிபடுபவருக்கு அது கல்லைவிடச் சிறியதன்று.

அச்சொல் பறை என்னும் இசைக்கருவியோடு தொடர்புடையது என்று பலரும் கொள்வர். கருவியில் இழிவு இல்லை. அதை முழக்குவதிலும் இழிவு இல்லை. ஆயினும் அச்சொல் கப்பலேறிச் சென்று, ஆங்கிலத்திலும் பிரெஞ்சிலும் "எவராலும் ஒதுக்கப்பட்டவன்" என்ற பொருளில் அகராதிச் சொல்லாகவே ஆகிவிட்டது. தமிழிலிருந்து மேனாட்டு மொழிகள் கடன் வாங்கிய சொற்களை நாம் பெருமையோடு எண்ணிக் காட்டுகிறோம். கட்டுமரம், மிளகுத்தண்ணீர் என்று அந்தப் பட்டியல் நீளும்போது இந்தச் சொல்லையும் சேர்த்துச் சொல்லத்தான் வேண்டும்.

அயோத்திதாசர் வெளியிலிருந்து இட்ட பெயர்களை உதறிவிட்டு, தம் மக்களுக்கு வேறு பெயர்களைத் தேடினார். மக்கட்கணக்கெடுப்பு நடந்த காலங்களில், சாதியற்ற திராவிடர் என்று பதிவு செய்யுங்கள் என்றார். 1907ஆம் ஆண்டில் "ஒரு பைசாத் தமிழன்" என்ற கிழமை இதழைத் தொடங்கினார். மறு ஆண்டில் அது "தமிழன்" என்று பெயர் சுருங்கி, அவர் மறைந்த 1914ஆம் ஆண்டு வரை அவருடைய ஆசிரியத்துவத்தில் வெளிவந்தது. இவ்விதழில் அவர் ஓயாது செய்த வேலை, வழக்கில் உள்ள சொல் ஒவ்வொன்றையும் பிரித்து, அதற்கு முன்பு என்ன பொருள் இருந்தது, யார் எப்போது மாற்றினார் என்று கேட்பது. அவருடைய சொல்லாராய்ச்சிகளை எல்லாம் மொழிநூலார் ஒப்புவதில்லை. சில விளக்கங்கள் மிகவும் வலிந்து கொண்டவை என்றே எனக்கும் தோன்றுகிறது. ஆனால் அவர் கேட்ட கேள்வி தவறன்று. "நாங்கள் தாழ்ந்தவர்கள் அல்லர், முன்னொரு காலத்தில் பௌத்தராய் உயர்ந்து வாழ்ந்தவர்கள், பின்னர் எங்களைத் தாழ்த்தினார்கள்" என்பதே அவர் வாதத்தின் சாரம். தன்வினையைப் பிறவினையாக மாற்றும் வேலையைத் தம் வாழ்நாள் முழுவதும் அவர் செய்தார் எனலாம்.

இங்கே வரலாறு ஒரு விந்தையான திருப்பத்தைக் காட்டுகிறது. அயோத்திதாசருக்கு மைத்துனர் முறையினர் இரட்டைமலை சீனிவாசன். செங்கற்பட்டு மாவட்டத்துக் கோழியாளம் என்ற சிற்றூரினர். அவரும் அதே மக்களுக்காகவே பாடுபட்டவர். ஆனால் சொல்லைப் பற்றிய கருத்தில் இருவரும் நேர் எதிர் திசையில் நின்றார்கள். எந்தச் சொல்லைச் சொன்னாலே தண்டிக்க வேண்டும் என்று அயோத்திதாசர் வேண்டினாரோ, அந்தச் சொல்லையே தம் இதழின் பெயராக முகப்பில் அச்சிட்டார் சீனிவாசன். 1893ஆம் ஆண்டில் சென்னையில் தொடங்கிய அவ்விதழின் பெயர் "பறையன்" என்பதே.

ஏன் இப்படிச் செய்தார்? தன் பெயரைச் சொல்ல நாணி, ஊர் மாறி, அடையாளத்தை மறைத்து வாழ்பவன் தன் உரிமையைக் கேட்கத் துணியமாட்டான் என்பது அவர் எண்ணம். பிறர் எறிந்த கல்லைக் குனிந்து எடுத்து, இதோ என் கையில் இருக்கிறது, இனி என்ன செய்வீர் என்று கேட்பது போன்ற துணிவு அது. அச்சொல்லைத் தாழ்ந்த குரலில் சொல்பவர் இருக்கும் வரை அது வசை; உரத்த குரலில் தானே சொல்லிக்கொண்டால் அது பெயர். அவ்விதழ் 1900ஆம் ஆண்டு வரை நடைபெற்றது. பின்னர் அவர் ஆப்பிரிக்கா சென்று பல்லாண்டுகள் வாழ்ந்து திரும்பி, சென்னைச் சட்டசபையில் உறுப்பினரானார். பொதுச் சாலைகளிலும் பொதுக் கிணறுகளிலும் எவரையும் தடுக்கலாகாது என்ற தீர்மானத்தை 1924ஆம் ஆண்டில் அங்கே கொண்டுவந்து நிறைவேற்றியவரும் அவரே. 1930ஆம் ஆண்டில் இலண்டன் வட்டமேசை மாநாட்டுக்கு அம்பேத்கருடன் சென்ற இரு பிரதிநிதிகளுள் ஒருவராகவும் இருந்தார்.

இவ்விருவருள் யார் கருத்துச் சரி? இக்கேள்வியை மாணவர்கள் தங்களுக்குள் வாதிட்டுப் பார்க்க வேண்டும் என்பது என் ஆசை. நான் சில காலம் சீனிவாசன் பக்கமே நின்றேன். துணிவுக்கு இயல்பாகவே ஒரு கவர்ச்சி உண்டு. பிறகு யோசித்தபோது, அச்சொல்லைத் தலைநிமிர்ந்து சொல்லக் கல்வியும் இதழும் கையில் உள்ள ஒருவருக்கு இயலும். வயலில் நிற்கும் கூலியாளுக்கு அச்சொல் வேறு வகையில் அல்லவா வந்து விழும் என்று தோன்றியது. அயோத்திதாசர் அந்தக் கூலியாளின் காதிலிருந்து பேசினார். சீனிவாசன் அவனுடைய நாவிலிருந்து பேச விரும்பினார். இன்று வரை இவ்வழக்குத் தீரவில்லை.

அரசாங்கப் புத்தகங்களில் முதல் மாறுதல் 1922ஆம் ஆண்டில் வந்தது. சென்னைச் சட்டசபையில் எம்.சி. ராஜா ஒரு தீர்மானம் கொண்டுவந்தார். பறையர், பஞ்சமர் என்ற பெயர்களை அரசாங்க ஆவணங்களிலிருந்து நீக்கி, தமிழ் மாவட்டங்களில் "ஆதி திராவிடர்" என்றும் தெலுங்கு மாவட்டங்களில் "ஆதி ஆந்திரர்" என்றும் எழுத வேண்டும் என்பது அத்தீர்மானம். அது நிறைவேறி, அவ்வாண்டிலேயே அரசாணையும் பிறந்தது. பஞ்சமர் என்றால் ஐந்தாமவர். நான்கு வருணத்திலும் அடங்காமல் வெளியே நிற்பவர் என்று பொருள். ஆதி என்றாலோ முதல். ஐந்தாம் இடத்தில் நின்றவர் ஒரே அரசாணையால் முதலிடத்துக்கு வந்தார், தாளின்மேல். "தாளின்மேல்தானே" என்று எளிதாகச் சொல்லிவிடலாம். ஆனால் அந்தத் தாள் எது? பள்ளிக்கூடத்துச் சேர்க்கைப் பதிவேடு. ஆசிரியர் அதைப் பார்த்துப் பிள்ளையின் வகுப்பைப் படிக்கும்போது மற்றப் பிள்ளைகள் திரும்பிப் பார்க்கும் அந்த நொடியில், எந்தச் சொல் வகுப்பறையில் ஒலிக்கிறது என்பது அப்பிள்ளைக்கு அற்பமன்று. எம்.சி. ராஜா ஆசிரியராயிருந்தவர், இதை அவர் நன்கு அறிவார். 1925ஆம் ஆண்டில் அவர் ஆங்கிலத்தில் எழுதிய நூலின் தலைப்பிலும் இந்த நுட்பத்தைக் காணலாம். அக்காலத்து அரசாங்கம் இம்மக்களை அமிழ்ந்து கிடக்கும் வகுப்பினர் என்ற பொருள்படும் ஆங்கிலத் தொடரால் குறித்துவந்தது. அவர் தம் நூலுக்கு ஒடுக்கப்பட்ட இந்துக்கள் என்று பொருள்படும் பெயரை இட்டார். ஒடுக்கினோர் உண்டு என்பதை நூலைத் திறக்கும் முன்பே சொல்லிவிடுகிறது அப்பெயர்.

சொற்போர் ஒரு பக்கம் மட்டும் நிகழவில்லை. இழிவைக் குறிக்கும் சொல்லை மாற்றுவது ஒருபுறமிருக்க, உயர்வைக் குறிக்கும் சொல்லை உதறுவதும் வேண்டும் அன்றோ? 1929ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் செங்கற்பட்டில் சுயமரியாதை மாகாண மாநாடு கூடியது. டபிள்யூ.பி.ஏ. சௌந்தரபாண்டியன் தலைமை வகித்தார். பெயருக்குப் பின்னால் சாதிப் பட்டத்தை ஒட்டிக்கொள்வதை விட்டுவிட வேண்டும் என்று அங்கே தீர்மானித்தார்கள். அதற்குப் பின் தமிழ்நாட்டு மேடைகளில் பட்டங்கள் ஒவ்வொன்றாக உதிர்ந்தன. இந்தியாவின் மற்றப் பகுதிகளில் ஒருவர் பெயரைக் கேட்டவுடன் சாதியை அறிந்துகொள்ளும் வழக்கம் இன்றும் பெரும்பாலும் இருக்கிறது. தமிழ்நாட்டில் தந்தையின் பெயர் முதலெழுத்தோடு தன் பெயரை மட்டும் எழுதும் வழக்கம் வேரூன்றியிருக்கிறது. பெயரில் இல்லாததால் நெஞ்சிலும் இல்லாமற் போயிற்றா என்பது வேறு கேள்வி. முகம் அறியாத இருவர் முதன்முதல் சந்திக்கும்போது, சாதியைச் சொல்லாமலே பேச்சைத் தொடங்க இயலுகிறது. அவ்வளவேனும் கிடைத்தது.

காந்தியடிகள் 1932ஆம் ஆண்டில் "ஹரிஜன்" என்ற பெயரை வழங்கத் தொடங்கி, 1933ஆம் ஆண்டில் அப்பெயராலேயே ஓர் இதழையும் நிறுவினார். திருமாலின் மக்கள் என்பது பொருள். அன்பினால் இட்ட பெயர் என்பதில் ஐயமில்லை. எனினும் அப்பெயருக்கு உரியவர் பலர் அதை ஏற்கவில்லை. 1938ஆம் ஆண்டில் பம்பாய்ச் சட்டசபையில் உள்ளாட்சி பற்றிய மசோதா ஒன்றில் இச்சொல்லை இட்டபோது, அம்பேத்கரும் அவர் கட்சியினரும் எதிர்த்து வெளிநடப்புச் செய்தார்கள். இனிய சொல்லை எதிர்ப்பானேன் என்று அன்று பலர் வியந்தார்கள். ஒருவர்க்குப் பெயரிடும் உரிமை யாருக்கு உண்டு என்பதே அங்கே எழுந்த கேள்வி. அதனோடு இன்னொன்றையும் நாம் காணலாம். அவர்கள் கடவுளின் மக்கள் என்றால், அவர்களைத் தெருவில் நடக்கவொட்டாமல் தடுத்தவர் யார்? அந்த இனிய பெயரில் அக்கேள்விக்கு இடமில்லை. பானை உடைந்த செய்தியையே அது மறைத்துவிட்டு, பானையின் அழகைப் பேசுகிறது.

இனி நம் தலைப்புக்கு வருவோம். 1925ஆம் ஆண்டில் தோன்றிய "குடி அரசு" முதலிய இதழ்களிலும் அக்காலத்து மேடைகளிலும் "தாழ்த்தப்பட்டார்", "தாழ்த்தப்பட்ட மக்கள்" என்ற சொற்கள் பரவலாயின. "தாழ்ந்த" என்பதற்கும் "தாழ்த்தப்பட்ட" என்பதற்கும் இடையே உள்ள தொலைவை அளந்து பாருங்கள். ஒரு தகர ஒற்றும், "படு" என்னும் துணைவினையும் சேர்ந்தன, அவ்வளவுதான். ஆனால் அவை சேர்ந்தவுடன் அத்தொடருக்குள் ஒரு வரலாறு புகுந்துவிட்டது. தாழ்த்தியவர் ஒருவர் இருக்க வேண்டும். தாழ்த்திய காலம் ஒன்று இருக்க வேண்டும். அதற்கு முன்பு தாழாமல் இருந்த காலமும் இருந்திருக்க வேண்டும். ஒருவர் செய்ததை இன்னொருவர் மாற்றவும் கூடும். "தாழ்ந்தவன்" என்று தன்னை எண்ணுகிறவன் தன் பிறப்பை நொந்துகொள்வான். "தாழ்த்தப்பட்டவன்" என்று எண்ணுகிறவன் காரணம் கேட்பான். கேட்கத் தொடங்கியவன் படிக்கத் தொடங்குவான். சென்ற நூற்றாண்டில் தமிழ்நாட்டில் நிகழ்ந்தவற்றுள் பெரும்பகுதி இக்கேள்வியிலிருந்து பிறந்ததே. "பிற்பட்டோர்" என்பது "பிற்படுத்தப்பட்டோர்" ஆனதும், அப்பெயராலேயே அரசாங்கத்தில் ஒரு துறை இயங்குவதும் இவ்வகையினவே.

இங்கே ஆசிரியர்களுக்கு ஒரு வார்த்தை. "படு" சேர்ந்த செயப்பாட்டு வினையை மிகுத்து எழுதுவது தமிழ் நடைக்கு அழகன்று, அது ஆங்கிலத்தின் சாயல் என்று நாம் மாணவர் கட்டுரைகளில் சிவப்பு மையால் திருத்துகிறோம். பெரும்பாலும் அது சரியே. ஆனால் மேலே சொன்ன இடத்தில் அந்தத் துணைவினைக்கு மாற்றுக் கிடையாது. அதை நீக்கினால் நடை நயம் பெறும், நியாயம் போய்விடும். அன்றியும், "படு" என்னும் சொல்லுக்கே துன்பம் அனுபவித்தல் என்ற பொருள் தமிழில் உண்டு.

சொல்லை மாற்றினால் எல்லாம் மாறிவிடும் என்று நான் சொல்வதாக எவரும் எண்ண வேண்டா. தமிழ்நாட்டில் தெருவைக் கூட்டுவோரையும் சாக்கடையைக் கழுவுவோரையும் துப்புரவுப் பணியாளர் என்று வழங்கிவந்தோம். 2020ஆம் ஆண்டில் அரசு அவர்களுக்குத் தூய்மைப் பணியாளர் என்று பெயர் சூட்டியது. நல்ல பெயர்தான். ஆனால் கழிவுநீர்த் தொட்டியில் மனிதரை இறக்குவதை 2013ஆம் ஆண்டுச் சட்டம் தடுத்த பிறகும், அதில் இறங்கி மூச்சடைத்து மாண்டவர்களைப் பற்றிய செய்தி நின்றுவிடவில்லை. பெயர் தூய்மையாயிற்று, தொட்டி அப்படியே இருக்கிறது. இத்தகைய இடங்களில் புதுச்சொல் பழைய குற்றத்துக்குப் போர்வையாகவும் ஆகிவிடலாம். அப்போது சொல்லை மாற்றியவரே மகிழ்ந்து உறங்கிவிடுவார். 2025ஆம் ஆண்டு ஏப்ரலில், ஒடுக்கப்பட்ட மக்களின் குடியிருப்புகளைக் குறிக்கும் "காலனி" என்ற சொல்லை அரசு ஆவணங்களிலிருந்து நீக்கப்போவதாகத் தமிழ்நாட்டு முதலமைச்சர் சட்டசபையில் அறிவித்தார். ஆங்கிலத்தில் குடியேற்றத்தைக் குறிக்கும் ஒரு சாதாரணச் சொல், இங்கே வந்து ஊருக்கும் சேரிக்கும் இடையே ஒரு கோடாக நின்றது. நகரங்களில் வசதியுள்ளோர் வாழும் பகுதிக்கும் அதே பெயர் இருக்கும். அங்கே அச்சொல் உறுத்துவதில்லை. ஆகவே இழிவு சொல்லுக்குள் இல்லை, சொல்பவர் குரலில் இருக்கிறது என்று சொல்லத் தோன்றும். அது பாதி உண்மை. குரல் நெடுநாள் தங்கிய சொல்லில் அக்குரலின் கறை படிந்துவிடுகிறது. பின்பு குரல் இல்லாமலே சொல் அந்த வேலையைச் செய்யும்.

இவ்வளவையும் சொல்லிவிட்டுச் சிறுவனிடமும் பானையிடமும் திரும்பும்போது ஓர் இடர் தோன்றுகிறது. "என்னைத் தாழ்த்தினார்கள்" என்று ஒரு மக்கட் கூட்டம் சொன்னது உண்மை. அவ்வுண்மை அவர்களை எழுப்பியது. அதே வாய்பாட்டை எடுத்துக்கொண்டு, "என் மதிப்பெண் குறைக்கப்பட்டது", "என் நேரம் வீணாக்கப்பட்டது" என்று ஒரு சோம்பேறி மாணவன் சொன்னால் என்ன செய்வது? இரண்டு பொய்கள் இங்கே எதிரெதிராக நிற்கின்றன. பிறர் செய்த தீங்கைத் தன் இயல்பென எண்ணிப் "படிப்பு எனக்கு வராது" என்பது ஒன்று. தான் செய்த பிழையைப் பிறர்மேல் ஏற்றியோ, எவர்மேலும் ஏற்றாமலோ "மதிப்பெண் போய்விட்டது" என்பது மற்றொன்று. பள்ளியே இல்லாத ஊரில் வளர்ந்த சிறுமி, தனக்கு எழுத்து வராது என்று சொன்னால் அவளுக்கு உண்மையான வினைச்சொல்லை எடுத்துத் தர வேண்டும்: எழுத்து வரவில்லை என்பதன்று, அவளுக்கு எழுத்தைத் தரவில்லை. பள்ளியும் புத்தகமும் விளக்கும் இருந்தும் படிக்காதவனுக்கும் உண்மையான வினைச்சொல் ஒன்று உண்டு. அது தன்மை ஒருமையில் முடியும். எந்த இடத்தில் எது பொருந்தும் என்று கண்டுகொள்வது எளிதன்று. பல வேளைகளில் இரண்டும் ஒரே வாழ்க்கையில் கலந்தே கிடக்கும்.

மராத்தி மொழியிலிருந்து வந்து இந்நாளில் இந்திய மொழிகள் அனைத்திலும் வழங்கும் "தலித்" என்ற சொல்லைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். 1972ஆம் ஆண்டில் பம்பாயில் தோன்றிய தலித் சிறுத்தைகள் என்ற இளைஞர் இயக்கம் அச்சொல்லைப் பெரிதும் பரப்பியது. எழுத்தாளரும் கவிஞரும் அவ்வியக்கத்தில் மிகுந்திருந்தார்கள். எவரும் மேலிருந்து இட்ட பெயரன்று அது. தாமே தேர்ந்து தமக்கு இட்டுக்கொண்ட பெயர். வடமொழி வேரிலிருந்து வந்த அச்சொல்லுக்குத் தமிழில் பொருள் சொன்னால் "உடைந்தவர்" என்று சொல்லத் தோன்றும். சிலர் அப்படியே எழுதியும் இருக்கிறார்கள். ஆனால் வடமொழி இலக்கணப்படி அது செயப்பாட்டு வடிவம். "உடைக்கப்பட்டவர்" என்பதே நேரான பொருள்.